ஓபன்-பேக் ஹெட்ஃபோன்: யாழ்ப்பாணத்து வெக்கையில் சொகுசும் ஒலியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓபன்-பேக் என்றால் என்ன?

காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைபடாமல், கம்பி வலையோ துளையிட்ட தகடோ மட்டும் இருந்தால் அது ஓபன்-பேக். ஒலியை எழுப்பும் பாகமான ட்ரைவரின் பின்பக்கத்து ஒலி கிண்ணத்துக்குள் முட்டித் திரும்பாமல் வெளியே போய்விடுகிறது. அதனால் குரலும் வாத்தியமும் தலைக்குள் அடைந்து கிடக்காமல், சற்று விலகி நின்று ஒலிப்பதுபோல் இருக்கும். 1968 இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்டி 414, மஞ்சள் பஞ்சுக் குஷனோடு வந்தது, இந்த வகையின் முதல் ஹெட்ஃபோன்.

இதற்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். வெளிச் சத்தம் எல்லாம் உள்ளே வரும். நீங்கள் கேட்கும் பாட்டு வெளியே போகும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு வரிகள்கூட விளங்கும். கொழும்பு பஸ்ஸிலோ யாழ்தேவியிலோ நூலகத்திலோ இதைப் பாவிக்க முடியாது. கோயில் திருவிழாக் காலத்தில் லவுட்ஸ்பீக்கருக்கு அருகில் வீடு இருந்தால் அந்த நாட்களில் உறையில் போட்டு வைப்பதே மேல். வெளிச் சத்தத்தை வெல்வதற்காகச் சத்தத்தைக் கூட்டுவதுதான் ஓபன்-பேக் வைத்திருப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை.

ஒலி முக்கியமா, சொகுசு முக்கியமா?

இந்த ஊருக்குச் சொகுசு என்றே சொல்வோம். காரணம் எளியது: ஒலியின் குறைகளில் பெரும்பகுதியை ஈக்வலைசரால், அதாவது ஒவ்வோர் அதிர்வெண்ணின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் செயலியால், திருத்தலாம். 600 கிராம் எடையையோ, காது மடலில் முட்டும் குஷனையோ, வியர்வையில் ஒட்டும் செயற்கைத் தோலையோ எந்தச் செயலியாலும் திருத்த முடியாது. அரை மணித்தியாலத்தில் கழற்றி வைக்கத் தோன்றும் ஹெட்ஃபோனின் ஒலி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது அலமாரிக்குத்தான் போகும்.

இரண்டும் தனித்தனி விடயங்களும் இல்லை. குஷன் எவ்வளவு அமுங்குகிறது, காதுக்கும் ட்ரைவருக்கும் இடையே எவ்வளவு தூரம், தாடைப் பக்கம் எங்கே இடைவெளி விடுகிறது என்பவையே பேஸ் (தாழ் ஒலி), ட்ரெபிள் (உயர் ஒலி) இரண்டின் அளவையும் மாற்றுகின்றன. தலையில் சரியாகப் பொருந்தாத ஹெட்ஃபோன் சரியாக ஒலிப்பதும் இல்லை.

எவ்வளவு எடை தாங்கும்?

தயாரிப்பாளர்கள் சொல்லும் எடைகள், கேபிள் இல்லாமல்: ஓடியோ-டெக்னிகா ஆர்70எக்ஸ் 210 கிராம், ஏகேஜி கே702 235, சென்ஹைசர் எச்டி 560எஸ் 240, பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250, சென்ஹைசர் எச்டி 600 260, எச்டி 800 எஸ் 330, ஹைஃபைமேன் சுந்தரா 372, எடிஷன் எக்ஸ்எஸ் 405, ஓடெசி எல்சிடி-எக்ஸ் 612.

260 வரை பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. 350 முதல் 400 வரை உள்ளவற்றில் எடை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதே கேள்வி: உச்சந்தலையில் அகலமான பட்டி தொங்கினால் தாங்கும், ஒரே இடத்தில் குத்தினால் தாங்காது. கே702 வெறும் 235 கிராம்; ஆனால் அதன் தலைப்பட்டியின் உட்புறத்தில் உள்ள தோல் மேடுகள் முடி குறைந்தவர்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் வலிக்கத் தொடங்கும். எடையை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படி ஏமாறலாம். எல்சிடி-எக்ஸ் வகையைச் சாய்மனைக் கதிரையில் தலையைச் சாய்த்துக் கேட்பவர்கள் விரும்புவார்கள். மேசையில் குனிந்து வேலை செய்பவர்களின் கழுத்து அதைத் தாங்காது.

ஆர்70எக்ஸில் தலைப்பட்டிக்குப் பதிலாக இரண்டு சிறகுகள் தலையைப் பிடிக்கின்றன. பொருந்துகிறவர்களுக்குப் போட்டிருப்பதே தெரியாது; சிறிய தலை உடையவர்களுக்குக் கீழே வழுக்கும்.

புதிதாக வாங்கிய எச்டி 600 தலையை நெரிக்கிறது. என்ன செய்யலாம்?

எச்டி 600, எச்டி 650 இரண்டும் புதிதில் இறுக்கமாகவே வரும். சில மாதங்களில் தானாகத் தளரும். அவசரம் என்றால்:

முதலில் உங்கள் தலையின் அகலத்தை, காதுக்கு மேலே, ஓர் அளவுகோலால் பாருங்கள். அதைவிட 2 சென்ரிமீற்றர் கூடுதலான அகலத்தில் புத்தகங்களை அடுக்கி, குஷன்கள் புத்தகத்தின் தட்டையான பக்கத்தில் படும்படி ஹெட்ஃபோனை மாட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் போட்டுப் பாருங்கள். காணாவிட்டால் இன்னும் 1 சென்ரிமீற்றர் கூட்டி மறுபடி ஓர் இரவு. ஒரேயடியாக 6, 7 சென்ரிமீற்றர் விரிக்க வேண்டாம். தலைப்பட்டியின் பிளாஸ்டிக் நடுவில் வெடிக்கும். தளர்ந்ததை மறுபடி இறுக்குவதும் கடினம். அளவுக்கு மேல் தளர்ந்தால் குஷன் கன்னத்தில் படாமல் பேஸ் இறங்கிவிடும்.

டிடி 990 இன் பட்டி உருக்குத் தகடு. அதைக் கையால் சிறிது சிறிதாக வளைக்கலாம். எடிஷன் எக்ஸ்எஸ் இல் இறுக்கம் குறைவு, ஆனால் கிண்ணங்கள் இடவலமாகத் திரும்பா. தாடை ஒடுங்கிய முகத்தில் காதுக்குக் கீழே, பின்புறமாக இடைவெளி விழும். அதற்கு விரிப்பது மருந்தாகாது.

வெக்கையில் எந்தக் குஷன் நல்லது?

வெலோர் (வெல்வெட் போன்ற மென்துணி) அல்லது வலைத்துணி. தோலும் செயற்கைத் தோலும் 30 பாகை வெப்பத்தில், ஏசி இல்லாத அறையில், இருபது நிமிடத்துக்குள் ஈரமாகிவிடும். ஓபன்-பேக் என்பதால் காது குளிர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். காற்றுப் போவது கிண்ணத்தின் பின்னால். தோலைத் தொடுவது குஷன்.

செயற்கைத் தோலுக்கு இங்கே இன்னொரு எதிரி உண்டு. அது பெரும்பாலும் பொலியூரிதேன் பூச்சு. ஈரப்பதன் அந்தப் பூச்சின் மூலக்கூறுப் பிணைப்புகளையே அறுக்கும். பாவிக்காமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் கறுப்புச் செதிலாக உதிர்ந்து காதில் ஒட்டும். குளிர் நாட்டில் வாங்கியவருக்கு ஆறேழு வருடம் நின்ற அதே குஷன் இங்கே நிற்காததன் காரணம் இதுதான்.

ஆனால் தோலை வெலோராக மாற்றினால் ஒலியும் மாறும். வெலோரின் நுண்துளைகள் வழியே தாழ் அலைகளின் அழுத்தம் கசிந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் குறையும். மெல்லிய தாள் முழுவதும் அசைந்து ஒலிக்கும் ப்ளேனர் வகைகளில் (சுந்தரா, எடிஷன் எக்ஸ்எஸ்) இது துலக்கமாகத் தெரியும். ஹைஃபைமேன் தன் குஷன்களில் காது படும் இடத்துக்குத் துணியும் வெளிச்சுற்றுக்குச் செயற்கைத் தோலும் வைப்பது இந்த இரண்டுக்கும் இடையிலான சமரசம். எங்கள் வெக்கைக்கு அந்தக் கலப்பு வகை நல்ல தெரிவு.

கண்ணாடி, தோடு, கொண்டை உள்ளவர்கள்?

கண்ணாடியின் கால் தடித்த பிளாஸ்டிக்காக இருந்தால் இரண்டு கெடுதல்: காதுக்குப் பின்னால் வலிக்கும், குஷனுக்கும் தலைக்கும் இடையே துளை விழும். சுந்தரா போன்ற ப்ளேனர்களில் அந்தத் துளையால் அடி பேஸ் தெளிவாகக் குறையும். எச்டி 600 வகையில் அடி பேஸ் ஏற்கெனவே மெலிவு என்பதால் இழப்புக் குறைவாகவே தெரியும். மெல்லிய உலோகக் கால் உள்ள பழைய கண்ணாடியைக் கேட்பதற்கென்று ஒதுக்கி வைப்பது எல்லாவற்றையும்விட மலிவான வழி.

தோடு அணிபவர்கள் உட்குழி அகலமானதைப் பார்க்க வேண்டும்: எடிஷன் எக்ஸ்எஸ், எச்டி 800 எஸ். ஜிமிக்கியைக் கழற்றத்தான் வேண்டும். அது குஷனில் தட்டும் ஒலி பாட்டுக்குள் கேட்கும். கொண்டை போட்டால் பட்டி முன்னால் தள்ளப்பட்டுக் கிண்ணம் சாயும். கொண்டையைப் பிடரிக்கு இறக்குங்கள்.

ஃபான் போட்டுக்கொண்டு கேட்டால் என்ன நட்டம்?

ஃபான் போடாமல் இங்கே யாரும் கேட்கப் போவதில்லை, ஆகவே நட்டத்தைத் தெரிந்துகொண்டு சமாளிப்பதுதான் வழி. ஃபானின் இரைச்சல் பெரும்பாலும் தாழ், நடு அதிர்வெண்களில் இருக்கிறது. ஓபன்-பேக் அந்த எல்லையில் ஏறத்தாழ எதையும் தடுக்காது. எனவே முதலில் மறைவது தம்புராவின் நீளும் நாதம், அரங்கின் எதிரொலி, பாடகரின் மூச்சு. அதாவது நல்ல ஹெட்ஃபோனுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு எதற்கோ, அதுதான் முதலில் போகிறது.

நிற்கும் ஃபானை நேராகக் காதுக்குத் திருப்பினால் வலை வழியே காற்றுப் புகுந்து இரைச்சலோடு தூசும் ஏறும். ஃபானை முதுகுக்குப் பின்னால், மிகக் குறைந்த வேகத்தில், முழங்கால் உயரத்தில் வையுங்கள். கூரை ஃபான் என்றால் அதற்கு நேர் கீழே இருக்காமல் சுவர்ப் பக்கம் நகருங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள்; அம்ப் (மின்சைகையைப் பெருக்கும் கருவி) மாற்றினால் தெரியும் வித்தியாசத்தைவிட இது பெரிது.

ஒலியில் எது எப்படி?

எச்டி 600 (1997) இன்றும் குரலுக்கான அளவுகோல். நடு அதிர்வெண்கள் இயல்பாக இருக்கும். வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் இதைவிடக் கூடக் காசு கொடுத்தாலும் சிறந்தது கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குறை: அடி பேஸ் மெலிவு, மேடை, அதாவது ஒலிகள் பரந்து நிற்பதுபோல் தோன்றும் வெளி, நெருக்கம். முன்வரிசையில் இருந்து கேட்பதுபோல் இருக்கும்.

எச்டி 650 (2003) அதன் உடன்பிறப்பு. மேல் அதிர்வெண் சற்றுப் பணிந்தது, நீண்ட நேரம் களைக்காது. எச்டி 6எக்ஸ்எக்ஸ் என்று விற்கப்படுவது இதே 650 வழி வந்தது.

எச்டி 560எஸ் பேஸை இன்னும் கீழே கொண்டுபோகும், விலைக்கு மேடையும் அகலம். ட்ரெபிள் சற்று முன்னே நிற்கும். முதல் ஓபன்-பேக் வாங்குபவருக்குக் கைகாட்டக்கூடியது இதுதான்.

டிடி 990 ப்ரோ: போட்டவுடன் அசத்தும், ஒரு வாரத்தில் களைப்பூட்டும். ஏறத்தாழ 8 கிலோஹெர்ட்ஸில் உள்ள மேடு ‘ச’, ‘ஸ’ ஒலிகளை ஊசியாக்கும். பழைய திரைப்பாடல்களில் பெண் குரலுக்கு இது பெரிய சோதனை. சொகுசில் மட்டும் பார்த்தால் இந்த விலையில் இதன் வெலோரை வெல்வது கடினம். ஈக்வலைசர் போடத் தயார் என்றால் வாங்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கே702: மேடை அகலம், பேஸ் ஒல்லி, 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சற்றுத் தூக்கல். நாதஸ்வரம் கேட்பவர்கள் கவனம்.

சுந்தரா, எடிஷன் எக்ஸ்எஸ் இரண்டும் ப்ளேனர். மெல்லிய தாளில் கடத்தி ஓடி, காந்தங்களுக்கு இடையே தாள் முழுவதும் அசைவதால் பேஸ் அடிவரை சரியாமல் போகும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி அடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிரிந்து கேட்கும். எடிஷன் எக்ஸ்எஸ் மேடையில் பெரிது, ட்ரெபிளில் சற்றுக் கூர்மை.

எச்டி 800 எஸ் இன் மேடை அகலம் தனி வகை. கிண்ணம் காதைத் தொடுவதே இல்லை என்று சொல்லுமளவு பெரிது. ஆனால் பதிவின் குறையை மறைக்காது. யூடியூப்பில் ஏற்றப்பட்ட பழைய கசெற் பதிவுகளை மட்டும் கேட்பவருக்கு இது வீண் செலவு.

சோதிக்க என்ன கேட்கலாம்? ஆங்கிலப் பாடல்கள்தான் வேண்டுமா?

தேவையில்லை. தவிலைவிடக் கடினமான சோதனை அதிகம் இல்லை. வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் ஒலி வெடிப்புப் போன்றது. தொப்பியில் கழி விழும் ஒலி தாழ்ந்தது. இரண்டும் வேகமாக மாறி மாறி வரும்போது ஒவ்வோர் அடியும் தனியாக நிற்கிறதா, ஒன்றோடொன்று கலந்து குழைகிறதா என்று கேளுங்கள். பழைய தவில் மேதைகளின் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, இரைச்சலும் கூடியவை. கலைக்காகக் கேளுங்கள், ஹெட்ஃபோனை எடைபோட அண்மைக்கால ஸ்ரீரியோப் பதிவு ஒன்றை எடுங்கள்.

நாதஸ்வரத்தில் உச்ச ஸ்தாயியில் நிற்கும் நீண்ட கார்வை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் எல்லையைக் காட்டிக்கொடுக்கும். காது கூசினால் அங்கே மேடு இருக்கிறது. மேடு சற்று மேலே, 8 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் சீவாளியின் காற்றுச் சத்தம் வாத்தியத்தை மீறிக் கேட்கும். வீணையில் மீட்டுக்குப் பின் நாதம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று பாருங்கள். திரையிசையில் நிறைய சகரம், ஸகரம் வரும் ஒரு பெண் குரல் பாடல் போதும்.

எண்பதுகளின் ஸ்ரீரியோப் பதிவுகள் சிலவற்றில் ஒரு வாத்தியம் முழுக்க இடக் காதில், இன்னொன்று முழுக்க வலக் காதில் இருக்கும். அது ஹெட்ஃபோனின் பழுது அன்று. ஸ்பீக்கருக்காகக் கலந்தது, ‘கிரொஸ்ஃபீட்’ (இரு பக்க ஒலியையும் சற்றுக் கலக்கும்) வசதி உள்ள பிளேயரில் கேட்டால் சீராகும்.

அம்ப் தேவையா? போனில் நேரே குத்தினால் ஓடாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இசையின் உச்சங்கள் 110 டெசிபெலைத் தொட இடம் வேண்டும் என்று வைப்போம்.

எச்டி 600: மின்தடை 300 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல். 110 க்கு 20 மில்லிவாட் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 2.45 வோல்ட், மின்னோட்டம் 8 மில்லிஅம்பியர் மட்டும்.

சுந்தரா: 37 ஓம், 94 டெசிபெல். 110 க்கு 40 மில்லிவாட். அதற்கு 1.2 வோல்ட், ஆனால் மின்னோட்டம் 33 மில்லிஅம்பியர்.

ஒன்றுக்கு வோல்ட் வேண்டும், மற்றதற்கு மின்னோட்டம் வேண்டும். ‘ஓம் குறைவென்றால் போனில் நல்லாக ஓடும்’ என்ற கதை பாதிதான் உண்மை.

1 வோல்ட் தரும் சின்ன டொங்கிள் (போனின் யூஎஸ்பியில் குத்தும் ஹெட்ஃபோன் இணைப்பி) எச்டி 600 இல் 102 டெசிபெல் வரை போகும், சுந்தராவில் 108. சாதாரணமாகக் கேட்க இது காணும். ஆனால் ஈக்வலைசருக்காக 6 டெசிபெல் குறைத்தால், அதற்கு மேல் மெதுவாகப் பதிவான கச்சேரி ஒன்றைப் போட்டால், எச்டி 600 இல் காணாது. 2 வோல்ட் தரும் டொங்கிள் அந்தக் கவலையைத் தீர்க்கும். அதற்கு மேல் மேசை அம்ப் வாங்குவது விருப்பம், தேவை இல்லை.

ஆப்பிளின் யூஎஸ்பி-சி டொங்கிள் மலிவும் தரமும் என்று எல்லோரும் சொல்வது சரி. ஆனால் இரண்டு சிக்கல் உண்டு. ஐரோப்பாவில் விற்கும் பதிப்பு அரை வோல்ட்டோடு நின்றுவிடும். கனடாவிலிருந்து வருவது 1 வோல்ட். அடுத்தது, பல அன்ட்ரொய்ட் போன்களில் அது முழுச் சத்தத்துக்கு ஏறாது. சுவிஸிலிருந்து மாமா கொண்டுவந்த டொங்கிளை அன்ட்ரொய்டில் போட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் குறை சொல்ல வேண்டாம்.

வெளியீட்டுத் தடை (அம்ப்பின் சொந்த மின்தடை) பற்றி: எச்டி 600 இன் தடை 100 ஹெர்ட்ஸ் அருகில் 500 ஓமைத் தாண்டும். 100 ஓம் வெளியீட்டுத் தடை உள்ள பழைய ரிசீவரில் குத்தினால் அந்த இடத்தில் பேஸ் வீங்கும். சிலருக்கு அது பிடிக்கும். ப்ளேனர்களின் தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றே என்பதால் தொனி மாறாது, சத்தம் மட்டும் குறையும்.

கனடாவிலிருந்து மேசை அம்ப் வருகிறது. நேரே குத்தலாமா?

பவர் அடப்டரின் அடியில் உள்ள அச்சை வாசிக்காமல் குத்தவே வேண்டாம். உள்ளீடு 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மாற்றி ஒன்று போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அதுவும் கையில் எடுத்தால் கனமாக இருந்தால், உள்ளே செம்புக் கம்பி மின்மாற்றி இருக்கிறது. நம் 230 வோல்ட்டில் அது சில விநாடியில் புகையும். மேசை அம்ப்களில் இந்தக் கன அடப்டர் சாதாரணம். நாட்டுக்கு நாடு வேறு அடப்டர் போட்டு விற்கிறார்கள். வாங்கும்போதே 230 வோல்ட் பதிப்பைக் கேட்கச் சொல்லுங்கள்.

ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் கேட்கிறது. ஏன்?

லப்டொப் சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் ஹெட்ஃபோனும் அம்ப்பும் குற்றவாளி இல்லை, எர்த் பிரச்சினை. இரண்டு முனைச் சார்ஜரும் எர்த் இல்லாத பழைய சுவர்ப் பிளக்கும் சேர்ந்தால் இது வரும். அம்ப்பையும் லப்டொப்பையும் எர்த் உள்ள ஒரே பலகையில், 13 அம்பியர் மூன்று முனைப் பிளக்கில் கொடுங்கள். அப்படியும் போகாவிட்டால் யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் டொங்கிளுக்கு மாறுங்கள். வீட்டு வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று மின்தொழிலாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பது ஒலிக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை.

ஈக்வலைசர் எப்படிப் போடுவது?

விண்டோஸில் ‘ஈக்வலைசர் ஏபிஓ’ இலவசம். அன்ட்ரொய்டில் ‘வேவ்லெட்’. ‘ஓட்டோ ஈக்யூ’ என்ற திறந்த திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன்களுக்கு ஆயத்த அளவுகள் கிடைக்கும். அவற்றைத் தொடக்கமாக மட்டும் எடுங்கள்; உங்கள் காது மடலும் அளவெடுக்கப் பாவித்த பொம்மைத் தலையின் மடலும் ஒன்றல்ல.

முதல் வேலை, ப்ரீஅம்ப்பை (செயலியின் மொத்தச் சத்த அளவை) −6 டெசிபெலுக்கு இறக்குவது. இதை மறந்தால் பேஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும் டிஜிட்டல் உச்சம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பிறகு:

எச்டி 600 க்கு 100 ஹெர்ட்ஸில் தாழ் ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுவது) +4 டெசிபெல். அதற்கு மேல் ஏற்றினால் சின்ன ட்ரைவர் 30 ஹெர்ட்ஸில் திணறும். கே702 க்கு அதே ஷெல்ஃப் +5, கூடவே 2 கிலோஹெர்ட்ஸில் −2. டிடி 990 க்கு முதலில் மேட்டைக் கண்டுபிடியுங்கள்: குறைந்த சத்தத்தில் 5 இலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் தொனியைக் கேட்டு, எங்கே திடீரென்று குத்துகிறதோ அங்கே −5, க்யூ (திருத்தம் எவ்வளவு ஒடுக்கமானது என்ற அளவு) 3. அந்த இடம் ஆளுக்கு ஆள் சில நூறு ஹெர்ட்ஸ் மாறும். ப்ளேனர்கள் +5, +6 பேஸையும் அலட்டிக்கொள்ளாமல் ஏற்கும்.

இரண்டை எப்படி ஒப்பிடுவது?

சத்தம் சமமாக இல்லாவிட்டால் ஒப்பீடு இல்லை. கூடச் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை இரண்டிலும் மாறி மாறிக் கேட்டுச் சமப்படுத்தி, சத்த அளவைக் கடதாசியில் எழுதி வையுங்கள். பாட்டு ஒன்று, 30 விநாடித் துண்டு, இரண்டிலும் அதே துண்டு. நினைவு ஒலியை வெகுநேரம் வைத்திருக்காது. ஆகவே மாற்றுவது ஐந்து விநாடிக்குள்.

சொகுசுக்கு இதற்கு நேர்மாறு. ஐந்து நிமிடத்தில் எல்லா ஹெட்ஃபோனும் சொகுசுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஃபானோடு, பகல் இரண்டு மணிக்கு, 90 நிமிடம் போடுங்கள். எத்தனை முறை கை தானாகப் போய்ப் பட்டியை நகர்த்தியது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் அது உங்களுடையது இல்லை.

ஒரு பக்கம் மெதுவாகக் கேட்டால் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். குறை பக்கம் மாறினால் ஹெட்ஃபோன். அதே காதில் நின்றால் காது மெழுகாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

100 மணித்தியாலம் ஓடவிட்டால் ஒலி பழகி மெருகேறும் என்கிறார்களே? விலை கூடிய கேபிள்?

மாறுவது குஷனும் பட்டியும் உங்கள் காதும். கேபிள் அறுந்தால் மாற்றுங்கள்.

எண்ணெய், திருநீறு, மழைக்காலம்: எப்படிப் பராமரிப்பது?

தலையில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வைத்த அன்று போட வேண்டாம். பட்டியின் பஞ்சு எண்ணெயைக் குடித்தால் ஓரிரு வருடத்தில் பொடிந்துவிடும். கட்டாயம் என்றால் பட்டிக்கு மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்று. நெற்றித் திருநீறு உதிர்ந்து குஷனுக்குள் போகும். அது காந்தத்தில் ஒட்டாது, ஆனால் ட்ரைவர் முன்னாலுள்ள பஞ்சுத் தட்டை அடைக்கும். மாதம் ஒரு முறை தட்டி எடுங்கள்.

குஷன் கழற்றும் முறை ஹெட்ஃபோனுக்கு ஹெட்ஃபோன் வேறு. எச்டி 600 இல் விளிம்பைப் பிடித்து நேரே வெளியே இழுக்க, கிளிப்புகள் விடும். கே702 இல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு திருகிக் கழற்ற வேண்டும். இழுத்தால் பல் உடையும். டிடி 990 இல் துணி விளிம்பு பள்ளத்துக்குள் செருகியிருக்கும். திருப்பிப் போடும்போது ஓர் ஓரத்தை மாட்டி, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் சுற்றி வர உள்ளே தள்ளுங்கள். பொறுமை வேண்டும்.

வெலோரை இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழந்தைகளின் ஷாம்பு மூன்று நான்கு துளி விட்டு, நனைத்த துணியால் ஒற்றிக் கழுவுங்கள். சலவைச் சவர்க்காரம் வேண்டாம். முறுக்காமல் துவாய்க்குள் வைத்து அமுக்கி, நிழலில் இரண்டு நாள் வடிவாகக் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் பசை இளகும், பஞ்சு கட்டியாகும். அரைகுறையாகக் காய்ந்தபடி மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

சோழகக் காற்றுக் காலத்தில் எதிரி செம்மண் தூசு. வாடைக் காலத்தில் ஈரம். வல்வெட்டித்துறை, குருநகர், காரைநகர் போன்ற கரையோரங்களில் உப்புக் காற்று வருடம் முழுக்க. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். செம்மஞ்சள் மணிகள் பச்சையானால் ஈரம் நிறைந்தது; ஓவனில் 110–120 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தால் நிறம் திரும்பும். ஓவன் இல்லாவிட்டால் பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறலாம், அந்தத் தாச்சியைப் பிறகு சமையலுக்கு எடுக்கக் கூடாது. நீல மணிகளை வாங்க வேண்டாம், அவற்றில் கோபால்ட் குளோரைட் இருக்கிறது. வியர்வையோடு நேரே பெட்டிக்குள் வைப்பதும் பிழை. முதலில் அரை மணித்தியாலம் காற்றில் விடுங்கள்.

ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது. அல்லது நடுங்கும் சத்தம் வருகிறது.

விட்டு விட்டுக் கேட்டால் பத்தில் எட்டுத் தடவை இணைப்பிதான். உப்பும் வியர்வையும் முனையில் படலம் கட்டும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, உலர விட்டு, பத்துத் தரம் செருகி இழுங்கள். எச்டி 600 இல் கேபிள் கழற்றக்கூடியது. இரண்டு பக்கக் கேபிளையும் மாற்றிப் போட்டால் பழுது கேபிளிலா ட்ரைவரிலா என்று தெரிந்துவிடும். முனைகளில் ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு; பார்த்துச் செருகுங்கள்.

நடுக்கம் என்றால் பெரும்பாலும் ஒரு தலைமுடி ட்ரைவர் தாளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. குஷனைக் கழற்றி, ரொர்ச் அடித்துப் பார்த்து, முடியைச் சாவணத்தால் மெதுவாக எடுங்கள். ப்ளேனருக்கு அருகே இரும்புச் சாவணம் கொண்டுபோக வேண்டாம். காந்தம் இழுத்து வலையைக் குத்தும். ஊதவும் வேண்டாம், வக்யூம் கிளீனரும் வேண்டாம். தாள் சப்பளிந்தால் ட்ரைவரே மாற்ற வேண்டிவரும்.

வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி எடுக்கும்போது எதைக் கவனிப்பது?

கடைக்குப் போய்த் தலையில் போட்டுப் பார்த்து வாங்கும் வாய்ப்பு இங்கே அரிது என்பதால் பலர் இந்த வழியில்தான் எடுக்கிறார்கள். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும். ஆகவே அங்கேயே திறந்து சோதிக்கச் சொல்லுங்கள்: இடம் வலம் சரியா, 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் தொனியில் நடுக்கம் வருகிறதா, கேபிளை ஆட்டினால் விடுகிறதா. பத்து நிமிட வேலை. மாற்றுக் குஷன் ஒரு சோடி சேர்த்து எடுப்பிக்கவும். இங்கே அதைத் தேடுவது ஹெட்ஃபோனைத் தேடுவதைவிடச் சிரமம்.

பெட்டி பெரிது, பயணப் பெட்டியில் இடம் பிடிக்கும் என்று முறையிடுவார்கள். பெட்டி இல்லாமல் வந்தால் கிண்ணங்களுக்கு இடையே ரீ-சேர்ட் ஒன்றைச் சுருட்டி வைத்து, உடுப்புகளுக்கு நடுவில், கைப்பையில் கொண்டுவரட்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்களிடம் சொல்வதானால் இரண்டு மாதம் முன்னரே சொல்லுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் கிடைத்ததைத்தான் கொண்டு வருவார்கள்.

எவ்வளவு சத்தத்தில் கேட்கலாம்?

உலக சுகாதார அமைப்பின் அளவு: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம், 90 என்றால் 4 மணித்தியாலம். ஓபன்-பேக்கில் ஒரு நல்ல சோதனை உண்டு. உங்கள் வழமையான சத்தத்தில் வைத்து, பக்கத்தில் ஒருவரைச் சாதாரணக் குரலில் கதைக்கச் சொல்லுங்கள். அவர் கதைப்பதே தெரியாவிட்டால் குறைக்க வேண்டும். கழற்றிய பின் காதுக்குள் ‘ஙீ’ என்று கேட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் சத்தத்தை இரண்டு மூன்று படி குறைத்துத் தொடங்குங்கள்.